உட்கார்ந்து வாங்கிய சம்பளம்

5-7-1993, திங்கள்

இன்றோடு நாற்பத்திரண்டு நாள். நாலு மணிக்கு மைதானத்துக்குப் போனேன், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன், பெஞ்சில் உட்கார்ந்தேன், ஆறு மணிக்கு எழுந்து வந்தேன். உட்காருவதற்கு இவ்வளவு சம்பளம் சரவணம்பட்டியில் வேறு எவனுக்கும் கிடையாது.

மில் என்னை எடுத்ததே கால்பந்து ஆடத்தான். ஒப்பந்தம் அடுத்த மார்ச் வரை. ஸ்பின்னிங் மேஸ்திரி வாங்குவதில் இரண்டு பங்கு. மே மாதம் கல்கத்தாவிலிருந்து தாஸ் என்று புதுக் கோச் வந்தார். முதல் நாளே எல்லாரையும் பத்து ரவுண்டு ஓடிக் காட்டச் சொன்னார். எட்டு வருஷம் இந்த மில்லுக்கு லெஃப்ட் பேக் ஆடின கரீம் ஓடிக் காட்ட வேண்டுமாம்! நான் உட்கார்ந்தேன். அன்றைக்கு உட்கார்ந்தவன்தான்.

செக்ரட்டரி லட்சுமிநாராயணன் இன்றைக்கும் கூப்பிட்டார். "கரீமு, நீங்களாவே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

"யாருக்குங்க?" என்றேன். சிரித்துவிட்டு டீ வரவழைத்தார். தினமும் வந்து கையெழுத்துப் போடுகிற வரைக்கும் அவரால் என்னை ஒன்றும் செய்ய முடியாது.

7-7-1993, புதன்

சம்பளம். கறி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சாயிரா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏனுங்க, உக்காந்து உக்காந்து தொப்பை வந்துபோட்டுதுங்க. என்னையப் பொண்ணு பாக்க வந்த ஆளு எங்கீங்க?" கண்ணாடியில் பார்த்தேன். அவள் பொய் சொல்வதில்லை.

9-7-1993, வெள்ளி

பெஞ்ச். இரண்டு பஜ்ஜி.

11-7-1993, ஞாயிறு

திருப்பூர் டீமோடு மேட்ச். மூன்று கோல் வாங்கித் தோற்றோம். மூன்றும் இடது பக்கமாக, நான் நிற்க வேண்டிய இடத்தின் வழியாக வந்தவை. இரண்டாவது கோல் விழுந்தபோது கை தட்டிவிட்டேன். நானா? நான்தான். கோலில் நின்ற மருதாசலம் திரும்பிப் பார்த்தான். எட்டு வருஷம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். திட்டியிருந்தால் தேவலை. நானே என்னைத் திட்டிக்கொண்டேன்:

ச்சே, என்ன மனுஷன்டா நீ. உன்ற டீமுதானேடா. சம்பளத்தையும் வாங்கிப்போட்டு, தோக்கறதுக்குக் கையும் தட்டறயே —

வெட்கமாக இருக்கிறது.

13-7-1993, செவ்வாய்

காங்கேயம் எண்ணெய் மில்லிலிருந்து அங்கப்பன் என்பவர் வந்தார். புதிதாக டீம் சேர்க்கிறார்களாம். "சம்பளம் நீங்க இப்ப வாங்கறதுல பாதிதானுங்க. ஆனா வாராவாரம் எறங்கி ஆடலாமுங்க." வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

எதற்கும் சட்டென்று பதில் சொல்கிற சாயிரா, இன்றைக்கு வெங்காயம் முழுவதையும் அரிந்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "பாதிச் சம்பளம்னா பிரியாணில பாதிக் கறி. அவ்வளவுதானுங்களே? தூக்கத்துல காலை ஒதறி என்னைய ஒதைக்கறீங்க. போய்ப் பந்தை ஒதைங்க."

இப்படி ஒருத்தி வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

15-7-1993, வியாழன்

ராஜினாமாக் கடிதத்தோடு போனேன். செக்ரட்டரி வெளியூர். அறையில் கோச் மட்டும் இருந்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு மறந்தே போயிற்று. கடிதத்தை மேஜையில் வைத்தேன். கிளம்பும்போது 'போறேன்' என்று எங்கள் பக்கத்தில் எவனாவது சொல்வானா? ஒரேயடியாகப் போகிறவன்கூடச் சொல்ல மாட்டான். சலாம் வைத்து, "வாரேனுங்க" என்றேன்.

மனுஷன் துள்ளி எழுந்துவிட்டார். "வரே? நீ வரே?" என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஏழு வாரம் நான் பாக்குது. நீ கேக்கலே. இன்னிக்கு கேட்டே! நாளைக்கு காலை ஆறு மணி. பத்து ரவுண்டு."

கடிதத்தைப் படிக்கும் அளவுக்கு அவருக்குத் தமிழ் தெரியாது. 'வாரேன்' மட்டும் புரிந்திருக்கிறது, அதுவும் தப்பாக. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது "சரிங்க".

ஆக, நான் வந்து கேட்பேன் என்று இத்தனை நாள் காத்திருந்திருக்கிறார். நான் ஏன் கேட்கவில்லை? வீம்பு. வேறென்ன.

16-7-1993, வெள்ளி

ஏழு ரவுண்டு ஓடினேன். எட்டாவதில் வாந்தி. மிச்சத்தை நடந்தே முடித்தேன். மருதாசலம் கூடவே நடந்தான். "கை தட்டுனதை மறந்துபோட்டன்னு நெனச்சுக்காத. பத்தும் முடியட்டும், ஒதைக்கறேன்," என்றான். முடிந்ததும் உதைத்தான், செல்லமாகத்தான். இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்து சிரித்தோம். பிறகு காங்கேயத்துக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

21-7-1993, புதன்

மாட்டிக்கொண்டேன். என்னைத் திரும்ப டீமில் சேர்க்கச் சொல்லி நானே எழுதிய விண்ணப்பம் என்று நினைத்து, நான் மேஜையிலேயே மறந்து விட்டு வந்த கடிதத்தைக் கோச் செக்ரட்டரியிடம் கொடுத்திருக்கிறார். அவர் படித்த கையோடு ராஜினாமாவை ஏற்றுக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"காயிதப்படி நீங்க மில்லுலயே இல்லீங்க கரீமு. கோச்சு லிஸ்ட்டுப்படி லெஃப்ட் பேக்குங்க. நா என்ன பண்ணட்டுமுங்க?"

விஷயம் தெரிந்ததும் கோச் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, இந்த ஆள் எனக்கு வேண்டும் என்று மேஜையைத் தட்டினார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பழைய ஒப்பந்தம் போனது போனதுதான். காலையில் டைம் ஆபீசில் கிளார்க் வேலை, கிளார்க் சம்பளம், சாயங்காலம் பந்து. காங்கேயத்தில் தருவதாகச் சொன்னதைவிடவும் குறைச்சல்.

செக்ரட்டரிக்கே மனசு கேட்கவில்லை. "நல்லா ரோசனை பண்ணிக்குங்க கண்ணு," என்றார்.

"பண்ணியாச்சுங்க," என்று பேனாவை வாங்கினேன்.

1-8-1993, ஞாயிறு

அவிநாசியில் மேட்ச். முழு ஆட்டமும் ஆடினேன்! ஒரு கோலில் ஜெயித்தோம். என் பக்கமாக ஒருத்தனும் தாண்டவில்லை. சரி, ஒருத்தன் தாண்டினான். சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். ரெஃப்ரி பார்க்கவில்லை. கோச் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது கட்டிலில் கிடக்கிறேன். இடது முட்டி கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கிறது. தொட்டால் உயிர் போகிறது. தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் சாயிரா ஐஸ் வாங்கப் போனாள். தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.