துடக்குப் படாத நாற்பத்தெட்டு நாள்

யூலை 28, திங்கள்
பத்தொன்பதாம் நாள். காலையில் நூற்றெட்டு, மாலையில் நூற்றெட்டு. குருபூர்ணிமையன்று அச்சுவேலி மடத்துச் சுவாமி காதில் ஓதிய குருமந்திரம். அவர் படத்துக்கு ஒரு செவ்வரத்தம்பூ, பிறகு செபம். என் மகன் கஜீவன் எல்லைக் காட்டைக் களவாகக் கடந்து போலந்துக்குள் கால் வைக்கவேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை.
கரையில் போட் இஞ்சின் திருத்திவிட்டு வந்த இவர் கதவடியில் நின்று, "குருவுக்குக் காது நொந்திருக்கும், கொஞ்சம் விடுமன்" என்றார். இந்த மனுசனுக்கு எல்லாம் பகிடி.

ஆகஸ்ட் 2, சனி
கஜீவன் போன் எடுத்தான். "அம்மா, நாளைக்குக் காட்டுக்குள்ளை இறங்கிறம். பத்துப் பதினைஞ்சு நாள் போன் இராது. பயப்பிடாதேங்கோ."
பயப்பிடாதேங்கோவாம். இருமி இருமிச் சொல்கிறான்.

ஆகஸ்ட் 6, புதன்
கொடிகாமத்து அண்ணையை நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் மறித்து வைத்திருக்கிறார்கள். டொக்டர் கையை விரித்துவிட்டாராம். எனக்கு இருப்பது அந்த ஒரு அண்ணைதான். போய்ப் பார்க்கவேண்டும். ஆனால் நான் அங்கே நிற்கும்போது ஏதும் நடந்தால்? சாவுத் துடக்கு வந்துவிடும், தீட்டோடு செபம் சொல்லக்கூடாது. இருபத்தெட்டு நாளும் வீண்.
மடத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "துடக்கு வந்தால் நிப்பாட்டுங்கோ அம்மா, பிறகு துவங்கலாம். குரு கோவிக்கமாட்டார்" என்றார் சுவாமி. அவருக்கென்ன, காட்டுக்குள் நிற்பது அவருடைய பிள்ளையா?
குருவைப் பற்றி இப்படி எழுதலாமா? எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்
பக்கத்து வீட்டுத் தங்கமுத்தக்கா ஒரு வழி சொன்னார். "செய்தி காதிலை விழுந்தால்தான் துடக்கு. கேள்விப்படாத மட்டும் உனக்கு ஒண்டுமில்லை."
போனை இவரிடம் கொடுத்துவிட்டேன். "ஆர் செத்தாலும், நாற்பத்தெட்டு நாள் முடியிற இருபத்தாறாம் திகதி வரைக்கும் என்னட்டைச் சொல்லாதேங்கோ. கஜீவனாணை எண்டு சொல்லுங்கோ."
"உம்மடை அண்ணையெல்லோ?" என்றார். நான் விடவில்லை. கடைசியில் பிள்ளையின் பேரில் ஆணை சொன்னார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி
நேற்றுப் பின்னேரம் இவர் வாசல் படலையடியில் போனோடு நின்றார். கனநேரம். பிறகு வந்து குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. தேங்காய் துருவிக்கொண்டே இருந்தேன்.
அண்ணை போயிட்டார். ஐயோ, என்ரை அண்ணை. ஒருக்கா வந்து பாக்காமல் விட்டிட்டனே —
அழக்கூடாது. அழுதால் கேள்விப்பட்ட மாதிரி ஆகிவிடும். நூற்றெட்டையும் சொல்லி முடித்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்
இவர் சவரம் எடுக்கவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போகிறார். ஒரு பகிடி இல்லை. கிணற்றடியில் தங்கமுத்தக்கா என்னைக் கண்டதும் வாளியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார்.

ஆகஸ்ட் 21, வியாழன்
குருவாரம். பூப்போட வரச்சொல்லி இவரைக் கூப்பிட்டேன். சாமியறை வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "நீர் கும்பிடும்" என்றார்.
மச்சான் செத்ததற்கு இவருக்கு என்ன துடக்கு? எனக்கே கொஞ்ச நாள்தான். இவர் முழுகினால் சரி. ஒரு கிழமையாக ஏன் சாமியறைக்குள் வரவில்லை?
கேட்கவில்லை. மாலை நூற்றெட்டை இரண்டு தரம் சொன்னேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
கஜீவன் எடுத்தானா என்று கேட்டேன். "காட்டுக்குள்ளை போன் இல்லையெல்லே" என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்
காலையிலேயே மாலை நூற்றெட்டையும் சேர்த்துச் சொல்லி நாற்பத்தெட்டையும் நிறைத்தேன். கற்பூரம் காட்டி, குரு படத்தின் முன் விழுந்து கும்பிட்டேன். எழும்பும்போது படலையடியில் ஆட்டோச் சத்தம்.
இறங்கியது அண்ணை. எலும்பும் தோலுமாக, மகளின் தோளைப் பிடித்தபடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உயிரோடிருக்கிறார், என்ரை அண்ணை உயிரோடிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன்.
அண்ணை சிரிக்கவில்லை. இவரும் சிரிக்கவில்லை. தங்கமுத்தக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வேலியோரம் நின்றார்.
"பிள்ளை, இதிலை இரு" என்றார் அண்ணை.
நான் இருக்கவில்லை. உள்ளே ஓடிவந்து சாமியறைக் கதவைப் பூட்டிவிட்டேன். முற்றத்தில் ஆட்கள் இருக்க வாடகைக் கதிரை இறக்குகிறார்கள். "கதவைத் திறவுமப்பா" என்று இவர் தட்டுகிறார், அழுகிறார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மந்திரம் சொல்வதும், விட்டுவிட்டு இதை எழுதுவதுமாக இருக்கிறேன்.
நான் இன்னும் ஒன்றும் கேள்விப்படவில்லை.