ஈவோவில் வந்த மாப்பிள்ளை

5 ஆகஸ்ட் 2012, ஞாயிறு

நாகப்பட்டினத்திலிருந்து ஜெரால்ட் என்னைப் பெண் பார்க்க வந்தார். கத்தாரில் எண்ணெய்க் கம்பெனி என்ஜினியர், லீவில் வந்திருக்கிறார். கும்பகோணத்தில் எங்கள் தெருவே அவரை விட்டுவிட்டு அவர் காரைப் பார்த்தது. மிட்சுபிஷி ஈவோ. நான்கு கதவு, பின்னால் பெரிய இறக்கை.

"ராலி பந்தயத்துல பொறந்த வம்சங்க. சேறு, பனி எல்லாம் பார்த்தது. பல மடங்கு விலையுள்ள காரெல்லாம் வளைவுல இதுகிட்ட திணறும்" என்றார்.

என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன்?

12 ஆகஸ்ட்

அம்மாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு பூம்புகார் போனோம். ஆளில்லாத ரோட்டில், "பிடிச்சுக்குங்க" என்றார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வளைவில் வயலுக்குள் போய் விழப்போகிறோம் என்றே நினைத்தேன். கார் ரோட்டை விடவேயில்லை. அம்மா "மாதாவே!" என்று அலறினாள். நான் — கல்லூரியில் கணக்கு நடத்தும் அனிட்டா மிஸ் — வாய்விட்டுச் சிரித்தேன்.

13 ஆகஸ்ட்

எனக்குப் பிடித்தது அவரையா, காரையா?

17 ஆகஸ்ட்

"என்னம்மா, சரின்னு சொல்லிடவா?" என்றார் அப்பா.

நானே ஜெரால்டுக்குப் போன் செய்தேன். "அடுத்த தடவை கார் இல்லாம வாங்களேன்."

"பயந்துட்டீங்களா?"

"இல்லீங்க. பயப்படலை. அதுதான் பிரச்சினை."

19 ஆகஸ்ட்

பஸ்ஸில் வந்தார், சட்டை கசங்கி. தாராசுரம் கோயில் புல்வெளியில் உட்கார்ந்தோம். கார் இல்லாமல் அவருக்குப் பேசவே வரவில்லை. "வெயில் ஜாஸ்தில்ல?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே.

கிளம்பும்போதுதான் சொன்னார்: "எனக்கு வேலை நடுக்கடல் எண்ணெய் மேடையிலங்க. சுத்தித் தண்ணி. மாசக்கணக்குல ஓட இடமே கிடையாது. அதனாலதான் இந்த வண்டி..."

பாவமாக இருந்தது. பாவப்படுவதும் பிடிப்பதும் ஒன்றா? ஐயோ, எனக்கு என்னதான் வேணும்?

26 ஆகஸ்ட்

மறுபடி காரில் வந்தார். குடவாசல் ரோட்டில், "நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டேன். அப்பாவின் மாருதியை ஓட்டிய பழக்கம்தான். ஜெரால்டின் முகம் வெளுத்தது. ஆனாலும் சாவியைக் கொடுத்தார்.

லேசாகத்தான் அழுத்தினேன். பாய்ந்தது. பயந்து ஸ்டியரிங்கை ஒடித்ததில் முன்பக்கம் வாய்க்கால் மதகில் இடித்தது.

இறங்கி ஓடினார். காரைத்தான் தடவிப் பார்த்தார். சரி, விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் திரும்பினார். "அடிபட்டுச்சா?" தலை குனிந்தார். "மொதல்ல உங்களைப் பார்த்திருக்கணும். பார்க்கலை. தப்புங்க."

அவர் ஏதாவது பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். சொல்லவில்லை.

"வீடு வரைக்கும் நீங்களே ஓட்டுங்க. இப்ப விட்டா அப்புறம் பயம் வந்துரும்" என்றார்.

ஓட்டினேன். வழியெல்லாம் கதவுப் பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம்.

30 ஆகஸ்ட்

அப்பாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. குழப்பம் தெளியவில்லை. தெளிந்த பிறகுதான் சொல்ல வேண்டுமா?

21 அக்டோபர், ஞாயிறு

குழப்பத்தோடேயே அப்பாவிடம் சரி சொல்லிவிட்டேன். ஜெரால்ட் கத்தாருக்குத் திரும்பிவிட்டார், கல்யாணத்துக்கு வருவார். இன்று மாதா கோயில் பூசையில் பங்குச்சாமியார் எங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார். ஜெரால்டுக்கும் குழந்தைராஜ் – மரியபுஷ்பம் மகள் அனிட்டாவுக்கும் திருமணம். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார்.

கோயில் முழுக்க அமைதி. நானும் ஒன்றும் சொல்லவில்லை.