ஒரு மில்லிமீட்டர் கூடுதலான கருமணி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை பிடிக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் தங்கை தொழிலையே விடப் போவதாக அழுகிறாள் என்று போன கடிதத்தில் எழுதி உன்னையும் கலங்க வைத்துவிட்டேன். இனிக் கவலை வேண்டாம், விஷயமே வேறு. நம் பட்டறைக்குச் செயற்கைக் கண் செய்துகொள்ள வந்தாரே தெருமுனை சலூன்காரர், அவருக்கு இவள்தான் அளவெடுத்து வர்ணமும் தீட்டினாள். இங்கே மாட்டிப் பார்த்தால் இரண்டு கண்ணும் அச்சு அசல். சலூனுக்குப் போனால் செய்த கண்ணின் கருமணி மட்டும் பெரிதாகத் தெரிகிறதாம். நாளெல்லாம் கண்ணாடி முன்னால் நிற்கிற மனிதரை ஏமாற்ற முடியுமா? மறுபடி அளந்து மறுபடி செய்தாள், அதே கதை. எனக்குக் கை வரவில்லை என்று இரண்டு நாள் அழுது, இமை வீங்கி, கண் கோவைப்பழமாய்ச் சிவந்து, பார்க்கச் சகிக்கவில்லை.

மூன்றாம் முறை அவளை வர்ணப் புட்டி எடுத்துவர அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். பயந்தாலும் பூரித்தாலும் கருமணி விரியும் என்பதால், வந்தவரைப் பத்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, படபடப்பு அடங்கிய பிறகுதான் நாம் அளப்போம், உனக்குத் தெரியாததா. அவருடைய நல்ல கண்ணின் கருமணியை அளந்தேன். இவள் எழுதியதைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவு. விளக்கும் அதே விளக்கு. இவ்வளவு மக்கா இவள் என்று நினைக்கும்போதே புட்டியோடு வந்து நின்றாள், என் அளவுகோலுக்கு நேராக அந்தக் கருமணி மெல்ல விரிந்து, இவள் எழுதிய அளவில் போய் நின்றது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். பத்து நிமிடம் என்ன, பத்து வருஷம் உட்காரவைத்தாலும் இவள் எதிரே இருந்தால் அது அடங்காது. சிரிப்பை அடக்க முடியாமல் சொல்லியும்விட்டேன். அவர் காதுவரை சிவந்து, "வாயைத்தாம்மா மூடி வச்சிருந்தேன், இது காட்டிக்கொடுத்துடுச்சு" என்றார்.

உன் தங்கை புட்டியை வைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு நாளில் சின்னக் கருமணியோடு புதுக் கண் செய்து, பழையதையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தாள். எதற்கு இரண்டு என்றார் மனிதர்.

"இது சலூனுக்கு. அது வீட்டுக்கு."

எந்த வீட்டுக்கு என்று நான் கேட்டேன். நிமிர்ந்து அவரைத்தான் பார்த்தாள், அவள் கண்ணை அளக்க எனக்கு அளவுகோல் வேண்டியிருக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம், அப்பாவோ முழங்காலையும் மறந்து மாடிக்கும் கீழுக்கும் நடக்கிறார்.

லீவுக்கு இன்றே சொல்லிவை, அண்ணன் வராமல் கல்யாணத்துக்கு நாள் குறிக்கக் கூடாதாம். நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. உன் கண்ணும் யாரையாவது பார்த்து இப்படி விரியட்டும், அப்போது என்னிடம் மறைக்கலாம் என்று மட்டும் நினைக்காதே.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா