கோயிலில் கொடுத்த சீட்டு

நவம்பர் 9, ஞாயிறு இரவு

அந்தச் சீட்டைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டுமாம். இன்றுதான் தெரிந்தது.

போன வாரம் ஆபீஸ் வேலையாக கியோட்டோ போனபோது, அங்கே ஒரு பழைய ஷின்டோ கோயிலுக்குப் போனேன். எல்லோரையும் பார்த்துக் கை கழுவினேன், இரண்டு முறை குனிந்து கும்பிட்டேன், இரண்டு முறை கை தட்டினேன். அமெரிக்க விசா ஸ்டாம்பிங்குக்குச் சென்னை போய் ஏழு மாதமாக மாட்டிக்கொண்டிருக்கும் என் மனைவி சுதா திரும்பி வர வேண்டும் என்று மட்டும் வேண்டினேன். பிறகு அங்கே இருந்த பெட்டியைக் குலுக்கி, பலன் எழுதிய ஒரு சீட்டு எடுத்தேன். பக்கத்திலேயே ஒரு கம்பி முழுக்கச் சீட்டுகளைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கோயிலில் கொடுத்ததை யாராவது விட்டுவிட்டு வருவார்களா? அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் வீடு வரை பத்திரமாகக் கொண்டுவந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமமும் இட்டேன்.

இன்று கீழ்வீட்டு ஜப்பானிய ஆன்ட்டியிடம் அதைப் படிக்கக் கொடுத்தேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நீங்கள் காத்திருக்கும் ஆள் வரமாட்டார் என்று எழுதியிருக்கிறதாம். கெட்ட சீட்டை அந்தக் கோயிலிலேயே கட்டிவிட்டால் கெட்ட பலன் நம்மோடு வீட்டுக்கு வராதாம்.

சாயங்காலம் பால்கனியில் சுதாவின் கறிவேப்பிலைச் செடியில் அதைக் கட்டினேன். அதுவும் எங்கள் வீட்டுச் செடிதானே என்று அப்புறம்தான் தோன்றியது.

இரவு போனில் சுதாவின் முதல் கேள்வியே அதுதான். "சீட்ட படிச்சாங்களா? என்னப்பா போட்டிருக்கு?"

"சீக்கிரம் வருவாங்கன்னு போட்டிருக்கு."



"அப்ப பரண்ல இருக்கற பெட்டிய இன்னைக்கே எறக்கி வெச்சிடறேன்," என்றாள்.