குரல் மட்டும் வந்த வெள்ளிக்கிழமைகள்

அக்கா,

நேற்று காலை நம் வீட்டு ரவுட்டரைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்ட ஆள் வந்திருந்தார். பழைய செட்டிங்கைத் திறந்து பார்த்தவர், "ஏம்மா, மாடி கம்ப்யூட்டருக்குன்னு தனியா ஒரு செட்டிங் போட்டு, பெறகு அத அணைச்சு வச்சிருக்கே. பேச்சுக்கு முதல் இடம், படத்துக்குக் கடைசி இடம். எதுக்கு இப்படி?" என்று கேட்டார். பழசு, விடுங்கள் என்றேன். அக்கா, நீங்கள் மவுத்தாகி மண்ணுக்குள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்கள் கைவேலை ஒன்று அந்தப் பெட்டிக்குள் இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

கோரிப்பாளையம் வீட்டில் கீழே நீங்களும் பெரிய மச்சானும் மாமியாரும், மாடியில் நான். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட நமக்கு இன்டர்நெட் ஒன்றுதான். ரவுட்டர் உங்கள் அறையில் இருந்தது. கல்யாணத்துக்கு முன் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவர் என்பதால் பாஸ்வேர்டும் உங்களிடம். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை. துபாயில் ஓட்டல் சமையல்கட்டில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், ஜும்மா தொழுகை முடிந்து ரூமுக்கு வந்ததும் கூப்பிடுவார். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் மற்ற ஆறு நாளையும் ஓட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. குரல் மட்டும் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் தெளிவாக வந்தது. அடுத்த வாரமும் அப்படியே. "நெட்டு சரியில்ல போல. பேச்சு கேக்குதுல்ல?" என்றார். கேட்டது. அதுதான் உறுத்தியது. லைன் கெட்டால் இரண்டும்தானே கெட வேண்டும்?

எனக்குச் சந்தேகம் வரப் பெரிய காரணம் வேண்டாம் என்று உங்களுக்குத் தெரியும். பால்காரர் சிரித்தாலே பாலை மோந்து பார்க்கிறவள் நான். கீழே இறங்கி வந்தேன். கல்யாண வயதில் இருந்த உங்கள் மகள் பார்த்துக்கொண்டிருந்த வீடியோ தங்குதடையில்லாமல் ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றினீர்கள். அதற்கடுத்த வெள்ளி சோழவந்தானுக்கு, உங்கள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தீர்கள். அன்றும் படம் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு சந்தேகத்தை விட்டிருப்பார்கள். எதையோ செய்து வைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போயிருக்கிறீர்கள் என்று நான் முடிவு கட்டினேன்.

நீங்கள் திரும்புவதற்குள் கனெக்‌ஷன்காரரை வரவழைத்தேன். "லைன் சுத்தமா இருக்குக்கா. ஒங்க சிஸ்டத்துக்கு மட்டும் யாரோ வீடியோவ அமுக்கி வச்சிருக்காங்க. பாஸ்வேர்டு தெரிஞ்சவங்களத்தான் கேக்கணும்" என்றார்.

மறுநாள் நீங்கள் ஊரிலிருந்து வந்ததும், மாமியையும் பெரிய மச்சானையும் வைத்துக்கொண்டே கேட்டேன். "ஒங்க புருஷன் தெனமும் ஒங்க பக்கத்துல உக்காந்து சோறு திங்கிறாரு. என் புருஷன் மூஞ்சிய வாரத்துல ஒரு நா நான் பாக்குறது ஒங்களுக்குப் பொறுக்கலையா?"

மாமி பதறிப்போனார். நீங்கள் கோபப்படவில்லை. "நாந்தான் கொறச்சேன். குரல் வருதுல்லடி. இப்போதைக்கு அது போதும்னு வையி."

இல்லை என்று சாதித்திருந்தால்கூட ஆறியிருப்பேன். ஒத்துக்கொண்டதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். பேச்சை நிறுத்தினேன். நோன்பு மாதத்தில் நீங்கள் கொடுத்துவிட்ட கஞ்சியைத் திருப்பி அனுப்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பெருநாளுக்கு முந்தின வாரம் அவர் வந்து இறங்கினார். இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் சுருங்கி, இளஞ்சிவப்பாக இருந்தது. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்திருக்கிறது.

"நீ பாத்தா தாங்க மாட்ட. புண்ணு ஆறுற வரைக்கும் படத்த மட்டும் கெடுத்து விடுங்கன்னு நாந்தான் மதினிகிட்டக் கெஞ்சினேன்" என்றார்.

"கேமராவ அணைச்சிருக்கலாமே?"

"அணைச்சா ஒனக்குச் சந்தேகம் வந்துரும்ல."

கீழே ஓடி வந்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். "ஏங்க்கா ஒரு வார்த்த சொல்லல?" என்று அழுதேன். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அம்புட்டுத்தான். கீரையில கண்ணீர விடாத, எந்திரி" என்றீர்கள். அன்றைக்கு எனக்குள் நானும் ஒரு சத்தியம் செய்துகொண்டேன். யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படுவேன், உங்களை மட்டும் சந்தேகப்பட மாட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, மகளின் பிரசவத்துக்கென்று திருச்சிக்குப் போனீர்கள். பேரன் பிறந்தும் திரும்பவில்லை. வாரா வாரம் நெட்டில் பேசினோம். முதலில் முகம் பார்த்துப் பேசினோம். பிறகு ஒரு நாள், "இங்க கேமரா கெட்டுப்போச்சுடி. பேச்சு கேக்குதுல்ல?" என்றீர்கள்.

ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான், "கேக்குதுக்கா" என்றேன். நாலு மாதம் அப்படியே பேசிக்கொண்டிருந்தேன். உங்கள் குரலில் ஒரு குறையும் இல்லை. மய்யித்தைக் கொண்டுவந்து முகத்துணியை விலக்கியபோது எனக்கு உங்களை அடையாளம் தெரியவில்லை. என்ன வியாதி, எத்தனை நாளாக என்பதையெல்லாம் அதற்குப் பிறகுதான் உங்கள் மகள் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் அக்கா. என் மேல் அதைவிட.

இப்போது யாராவது முகம் வேண்டாம், பேசினால் போதும் என்றால் நான் நம்புவதே இல்லை. போன மாதம் என் தங்கை அப்படிச் சொன்னாள். உடனே பஸ் ஏறி விளாங்குடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். தலை நிறைய மருதாணியோடு வந்து திறந்தவள், "இதுக்காடி இம்புட்டுத் தூரம் வந்த, லூசு" என்று திட்டித் தீர்த்தாள். அவள் திட்டி முடிக்கிறவரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன்.