அப்பாவின் திவசத் தூள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோவு குறைந்ததா? இங்கே லண்டனில் நான் சுகம். அப்பாவின் திவசத்தன்று விடிய முழுகி, அவர் படத்துக்கு விளக்கேற்றினேன். படையலைப் பின்னேரம் சமைக்க நினைத்திருந்தேன்.

ஆனால் நான் பராமரிக்கும் மிஸிஸ் வெப், திடீர் விருந்தினருக்கு ஆட்டுத்தொடை வாட்டச் சொன்னார். உள்ளியும் உப்பும் பூசினேன். பெயரெடுக்கும் ஆசையில், திவசத்துக்கென்று நீங்கள் முழுகி, வறுத்து இடித்தனுப்பிய கறித்தூளையும் பூசிவிட்டேன். உப்புப் பார்க்க ஒரு துண்டு தின்றேன், ருசிக்காக இன்னொன்று.

அன்றிரவு தொலைபேசியில், “படைச்சனியோ பிள்ளை? என்ன கறியள்?” என்று கேட்டீர்கள்.

“ஓம் அம்மா, கத்தரிக்காயும் வாழைக்காயும்” என்றேன்.

இறைச்சி தின்ற பிறகு நான் படைக்கவேயில்லை. உங்கள் குரலை நினைக்கவே வெட்கமாயிருக்கிறது.

மிஸிஸ் வெப் கூப்பிடுகிறார். அடுத்த திவசத்துக்குத் தூளை அனுப்பாமல் அங்கேயே வைத்திருங்கள். அளவெட்டி வீட்டுக்கு வந்து நானே சமைப்பேன். பிறர் அடுப்படியில் நின்றது போதும், பிறகு லண்டனுக்குத் திரும்பமாட்டேன். இதை இங்கே ஒருவருக்கும் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் மகள்,
சுபாஜினி