குன்னட்டிக்கு ஒரு ஜி.பி.எஸ்.

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலிருந்து மேகமூட்டம். அவிநாசியில் தூறல்தான். நேற்றுத் துவைத்த சீருடை இன்னும் ஈரம். இஸ்திரி போட்டே காயவைத்து உடுத்திப் போனேன்.

பெருந்துறையில் எங்கள் டிரஸ்ட் ஆபீஸ். கூட்டம் பத்து நிமிடம். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"கலா, மலை விசிட்ட இப்படியே உட முடியாதுங்க. வழி தப்பாம போய்ட்டு வர்றதுக்கு இந்த மாசத்துக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணுங்க. இல்லீன்னா மலை கேசு ஏழையும் கீழ ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துரலாம்."

எழுதிக் கொடுப்பது என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் என்பதால்தான் நாங்கள் வீடு தேடிப் போகிறோம். அவர்கள் எங்கே மலை இறங்கி வருவது.

ஜி.பி.எஸ். ஒன்று வாங்க டிரஸ்ட் சம்மதம். எது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். நர்சிங் படிப்பில் இது இல்லை.

ஆகஸ்ட் 21 பற்றி இந்த நோட்டில் இன்னும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

அன்று ஜீப்பில் நான் மட்டும். டிரைவர் திருப்பூர் கம்பெனிக்குப் போனதிலிருந்து நானேதான் ஓட்டுகிறேன். கடம்பூர் தாண்டி மண்பாதை. குன்னட்டியில் மாதன், 58 வயது, தொண்டையில் புற்று. வலி மாத்திரை அன்று காலையோடு தீர்கிறது, புதியது என் பையில். வழக்கமான பாதையில் மரம் விழுந்திருந்தது. போன் மேப் வேறொரு கோடு காட்டியது. நம்பினேன். பாதிவழியில் சிக்னல் போனது, கோடு மட்டும் திரையில் நின்றது. அந்தக் காலத்தில் மரம் வெட்டி இறக்கிய தடம் அது. ஒரு பள்ளத்தின் விளிம்பில் முடிந்தது. "நீங்கள் சேருமிடம் வந்துவிட்டீர்கள்" என்றது போன். எதிரில் காடு. ஜீப்பைத் திருப்ப இடமில்லை. பின்னாலேயே எடுத்து எடுத்து, ஒரு சக்கரம் இறங்கி, கல் வைத்து ஏற்றி... மூன்று மணி நேரம். ஆறு மணிக்குள் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும், ஆனை நடமாட்டம். மாத்திரையைக் கொடுக்காமலே மலை இறங்கிவிட்டேன்.

மறுநாளும் மரத்தை எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் மரத்தருகே ஜீப்பை விட்டு, நடந்துதான் போய்ச் சேர்ந்தேன். இரண்டு நாள் அந்த மனிதர் மாத்திரை இல்லாமல் கிடந்திருக்கிறார். அவர் மனைவி ரங்கி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

இவ்வளவுதான். எழுதியாயிற்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

வெயில். காந்திபுரம். பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதிய பட்டியல்:

— டவர் இல்லாமல் வேலை செய்யணும்
— மண்பாதை மேப்பில் இருக்கணும்
— வெயிலில் திரை தெரியணும்
— குலுக்கலில் கழன்று விழக்கூடாது
— கண்ணாடி போடாமல் படிக்க முடியணும் (44 வயது, ஒப்புக்கொள்)

முதல் கடை. சுவர் முழுக்கக் கார் டி.வி.க்கள். பையன் மாதிரி சிரிக்கும் ஒரு நடுவயதுக்காரர்.

"ஏனுங்க மேடம், இதுக்குன்னு தனியா எதுக்குங்க? போன்லயே எல்லாம் வந்துருதுங்களே."

டவர் இல்லாத இடம் என்றேன். பெரிய திரை ஒன்றைப் போட்டுக் காட்டினார். அவிநாசி கோயில் என்று அடித்தார், வழி சொன்னது. தமிழில்கூடப் பேசியது. குன்னட்டி அடிங்க என்றேன். அடித்தார். இல்லை. எழுத்தை மாற்றி அடித்தார். இல்லை.

"அது ஊருங்களா மேடம்?"

பதினேழு வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு மாதன். ஊர்தான்.

மூன்றாவது கடை பின்சந்தில். கார் விளக்கு, ஹாரன், சீட் உறை. உள்ளே ஒரு பெண், முப்பது இருக்கும், பெயர் திவ்யா. அண்ணனோடு சேர்ந்து கடை நடத்துகிறாள். முன்பு கார் ராலிப் பந்தயத்தில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து வழி படித்துச் சொல்பவளாம். அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். போனில் அண்ணனிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ், டீ வேண்டுமா என்று கேட்டது இரண்டிலும்.

என் பட்டியலை வாங்கிப் படித்தாள். இரண்டாவதை நகத்தால் கீறினாள்.

"அக்கா, இது எந்த மெஷின்லயும் கிடைக்காதுங்க. மண்ரோடு மழைக்கு மழை மாறும். மேப்பு போட்டவன் அங்க வந்து பாத்திருக்க மாட்டான். சாட்டிலைட் என்ன சொல்லும்? நீங்க எங்க நிக்கிறீங்கன்னு சொல்லும். அங்கிருந்து ரோடு இருக்குதா இல்லையான்னு அதுக்குத் தெரியாதுங்க."

"அப்ப என்னதான் வாங்கறது?"

"நீங்க போன வழிய அப்படியே பதிஞ்சு வெக்கிற மாதிரி ஒண்ணு. ஒருக்கா ஒழுங்கா போயிட்டீங்கன்னா போதும். அடுத்த தடவ அந்தக் கோட்டு மேலயே போலாம், வரலாம்."

இரண்டு கருவி கொடுத்தாள், பத்து நாள் வைத்துப் பார்க்கச் சொல்லி. ஒன்று காருக்கென்றே செய்தது, பெரிய திரை, பேசும். இன்னொன்று மலையேறுகிறவர்கள் கையில் வைத்துக்கொள்வது. சோப்புப் பெட்டி அளவு. பேசாது. அசிங்கமாக இருக்கிறது.

முதலில் தெரிந்த இடத்தில் ஓட்டிப் பாருங்கள் என்றாள். தெரியாத இடத்தில் ஓட்டினால் அது தப்பா நாம் தப்பா என்றே தெரியாதாம்.

செப்டம்பர் 11, வியாழன்

விடுப்பு. காலை ஏழரை. இட்லி மாவு புளித்துவிட்டது, தோசை.

என் வீட்டுக்காரர் ஜீப்பில் சார்ஜர் ஒயர் இழுத்துக் கொடுத்தார். சிப்காட்டில் எலக்ட்ரீஷியன், இதெல்லாம் அவருக்கு விளையாட்டு. ஆனால் முகம் சரியில்லை. டேப் சுற்றிக்கொண்டே:

"இதெல்லாம் சரி கலா. ஜி.பி.எஸ். இருந்தா ஆனை ஒதுங்கிப் போயிருமா?"

"போகாதுங்க."

"அப்பறம்?"

ஒயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். ஆகஸ்ட் 21 அன்று நான் வீடு வந்து சேர இரவு ஒன்பதரை ஆனது. அதுவரை வாசலிலேயே நின்றிருக்கிறார். அதை அவர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மணி சொன்னாள்.

இரண்டையும் மாட்டிக்கொண்டு ஊருக்குப் பின்னால், சோளக்காடுகளுக்கு நடுவே வேலியோரமாகப் போகும் இட்டேரியில் ஓட்டினேன். இருபது வருடமாகத் தெரிந்த தடம். பெரிய கருவி நான் தார்ரோட்டில் போவதாக நினைத்துக்கொண்டது. "வாய்ப்புள்ள இடத்தில் திரும்பவும்." ஆறு தடவை. குரல் மட்டும் நல்ல குரல். ஒரு தென்னந்தோப்பின் நடுவே என்னை நிற்கவைத்து, சேர்ந்துவிட்டீர்கள் என்றது. மலையில் போன் சொன்ன அதே வாக்கியம். வண்டியை அணைத்துவிட்டு இறங்கினேன்.

சோப்புப் பெட்டியில் வெள்ளைத் திரை, நடுவில் ஒரு அம்பு, பின்னால் வால் மாதிரி ஒரு கோடு. நான் வளைந்தால் வளைந்தது. கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது. புளியமரத்தடியில் நிழலில் ஒரு முறை தடுமாறியது, பிறகு சரி.

பெரியது: பார்க்கச் சுகம், பொய்.
சிறியது: பார்க்கக் கஷ்டம், உண்மை.

ஆனாலும் பெரியது வேண்டும் என்றுதான் மனம் சொல்கிறது. யாராவது வழி சொன்னால் தேவலை என்று இருக்கிறது. தனியாக ஓட்டி ஓட்டி அலுத்துவிட்டது போல.

செப்டம்பர் 13, சனி

மழை ஒரு மணி நேரம். மகள் ஹாஸ்டலிலிருந்து போன், ரெக்கார்டு நோட்டு, சளி.

டாக்டரம்மாவிடம் பேசினேன். திங்கள் மலை. தனியாகப் போகக் கூடாது என்றார். இவரைக் கேட்டேன். பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "லீவு சொல்லிட்டு வாரேன். அப்படி என்ன ரோடுன்னு நானும் பாக்கறேன்" என்றார். சண்டைக்குத்தான் வருகிறார்.

கடம்பூர் டீக்கடைக்குப் போன் போட்டு ரங்கியை அங்கே வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். வழி அவள் சொல்லட்டும். கருவி பதியட்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

எவ்வளவு எழுத முடிகிறதோ.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். கோபி தாண்டும்போது பனி. சோதனைச் சாவடியில் வனக்காவலர் சோப்புப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாட்டிலைட் போனுங்களா?"

இல்லை, வழி காட்டுவது என்றேன்.

"எங்கள கேட்டா நாங்க சொல்ல மாட்டமுங்களா சிஸ்டர்?" சிரித்துக்கொண்டே விட்டார்.

ரங்கி டீக்கடை ஓரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். காரின் முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லையாம், கதவைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இவர் பின்சீட்டில், இரண்டு கையிலும் இரண்டு கருவி.

அந்தப் பிரிவு வந்தது. பெரிய கருவி: "இடப்பக்கம் திரும்பவும்." அன்று போன் காட்டிய அதே மரம் இறக்கிய தடம்.

"கலா, இது அங்கியே தள்ளுது."

ரங்கி பின்னால் திரும்பிப் பார்த்தாள். "யாரு அந்தம்மா? அவளுக்கு வழி தெரியல."

வலது பக்கம் கையைக் காட்டினாள். விழுந்த மரத்தைச் சுற்றி ஊர்க்காரர்களே புதருக்குள் வெட்டிய பாதை. எந்த மேப்பிலும் இல்லை, மூன்று வாரம்தான் வயது. நீரோடையில் இறங்கி ஏறினோம். இவர் தலையை இரண்டு முறை மேலே இடித்துக்கொண்டார்.

ஒரு திருப்பத்தில் ரங்கி நிறுத்தச் சொன்னாள். இறங்கிக் கை நீட்டினாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மரங்களுக்கிடையில் வெட்டவெளி.

"அங்கதான நர்சம்மா அன்னிக்கு நின்னது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜீப்புச் சத்தம் கேட்டுச்சே. எங்க வீடு இந்தா, இதுக்கு மேல. நர்சம்மா வந்துட்டாங்க, இன்னும் கொஞ்சம் பொறுன்னு அவருகிட்ட சொன்னேன். அவரும் வாயில துணியக் கடிச்சுட்டுக் கேட்டுட்டிருந்தாரு. ரொம்ப நேரம் சத்தம் அங்கியே இருந்துச்சு. அப்பறம் போயிருச்சு."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

மூன்று மணி நேரம் நான் அந்த விளிம்பில் கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தபோது, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அவர் வாயில் துணியை வைத்துக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். ஒரு முறை ஹாரன் அடித்திருந்தால் போதும். ஊரே இறங்கி வந்திருக்கும். ஒரு ஆள் பள்ளம் தாண்டி வந்து மாத்திரையை வாங்கிப் போயிருப்பான். எனக்குத் தோன்றவே இல்லை. திரை சேர்ந்துவிட்டாய் என்றது, கண் காடு என்றது, நான் இரண்டுக்கும் நடுவே வண்டியைத் திருப்புவதை மட்டும் பார்த்தேன்.

"என்னை மன்னிச்சுக்க ரங்கி" என்றேன். அவளுக்கு அந்தப் பேச்சு பழக்கமில்லை. "ஏறுங்க, மழ வருது" என்றாள்.

மாதன் மெலிந்திருக்கிறார். வலி பத்துக்கு மூன்று, விரல் காட்டினார். புண் துடைத்து, மாத்திரை கரைப்பதை ரங்கிக்கு மறுபடி சொல்லிக்கொடுத்து, பதினைந்து நாளைக்கு வைத்தேன். இனி எப்போதும் ஒரு வார மாத்திரை கூடுதலாகவே கையிருப்பில் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். இதை எந்தக் கருவியும் சொல்லித் தரவில்லை.

இவர் வெளியே கல்லில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரே ஒரு முறை வந்து மாதனைப் பார்த்துவிட்டுப் போனார்.

இறங்கும்போது சாரலும் பனியும். கண்ணுக்குப் பத்தடிதான். பெரிய கருவியை இவரே அணைத்துவிட்டார். சோப்புப் பெட்டியைப் பார்த்துப் பார்த்து, "கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம்... போதும்... நேரா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தே காலுக்குச் சாவடி.

சத்தியமங்கலம் தாண்டியதும் சொன்னார். "ஆனை ஒதுங்காதுதான்." சோப்புப் பெட்டியை மடியில் வைத்துவிட்டு: "அந்தாளு கண்ணப் பாத்தேன் கலா. நீ போய்ட்டு வா."

செப்டம்பர் 16, செவ்வாய்

உடம்பெல்லாம் வலி. காந்திபுரம் போய்ப் பெரியதைத் திருப்பிக் கொடுத்தேன். திவ்யா அதை வாங்கி அலமாரியில் வைத்தாள். சோப்புப் பெட்டிக்கு ரப்பர் வைத்த பிடிமானம் ஒன்று தேடிக் கொடுத்தாள், கண்ணுக்கு நேராக நிற்கும்.

டாக்டரம்மாவுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எது வாங்குவது, ஏன். ஒவ்வொரு மலை வீட்டுக்கும் முதல் தடவை அந்த ஊர் ஆள் ஒருவர் முன்சீட்டில். சிக்கினால் ஹாரன். மாத்திரை கூடுதலாக. படித்துவிட்டு, "ஏழும் நம்மகிட்டயே இருக்கட்டும்" என்றார். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

புரட்டாசி தொடங்கியாயிற்று, இவருக்கு முட்டைகூடக் கிடையாது. காலையில் நல்ல மழை, கடம்பூர் ஏறியதும் விட்டுவிட்டது.

புண் கட்டு மாற்ற மறுபடி குன்னட்டி. ஆபீஸ் உதவியாளர் தமிழரசி உடன் வந்தாள். ஓடையில் தண்ணீர் கூடியிருந்தது, பதிந்த கோட்டிலிருந்து விலகிச் சற்று மேலே கடந்து மறுபடி கோட்டில் சேர்ந்தேன். பதினொன்றுக்கு முன்பே வீட்டு வாசல். மாதன் சாய்ந்து உட்கார்ந்து களிக் கரைசல் அரை டம்ளர் குடித்தார். வலி இரண்டு.

கிளம்பும்போது ரங்கி ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நர்சம்மா, மேல ஓரத்தில ஒரு பொம்பள இருக்கறா. மார்ல புண்ணு. ஆறு மாசமா வெளிய வரல. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னா. நீங்க இவரப் பாக்கறத அவ கேள்விப்பட்டிருக்கா போல. நேத்து ஆள் அனுப்பிச்சா."

"எவ்வளவு தூரம்?"

"பக்கந்தான்."

மலையில் பக்கம் என்றால் என்ன என்று தெரியும். மணி பன்னிரண்டு இருபது. சாவடிக்கு நேரம் இருக்கிறது. பையில் கட்டுத்துணி இருக்கிறது. தமிழரசி இறங்கிப் பின்சீட்டுக்குப் போனாள்.

ரங்கி முன்னால் ஏறி உட்கார்ந்தாள். திரையில் கோடு குன்னட்டியோடு முடிந்திருந்தது, அதற்கு மேல் வெறும் வெள்ளை. "எந்தப் பக்கம்?" என்றேன்.